ஆணைப்படி சார், வயது 57

ஆணைப்படி சாருக்குப் பயந்து எங்கள் காலனியில் ஓட்டைக் குழாய்கூட நேரம் பார்த்துத்தான் சொட்டும். தெருநாய்கள் அவர் வீட்டைத் தாண்டும்வரை குரைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு போகும். கீழ்க்கட்டளையில் நாற்பத்தோரு வீடுகள் கொண்ட ஒரு காலனிக்கு அவர் சங்கச் செயலாளர். அவ்வளவுதான் பதவி. ஆனால் அதை அவர் வகித்த விதத்தைப் பார்த்திருந்தால் கலெக்டர்களெல்லாம் லீவு போட்டுவிட்டு வந்து அவரிடம் டியூஷன் படித்திருப்பார்கள்.

அவருடைய நிஜப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் காலனியில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. ஒரு அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்தார். அங்கே எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? காலனியில் அவர் ஒட்டும் ஒவ்வொரு அறிவிப்பும் ‘ஆணைப்படி, செயலாளர்’ என்றுதான் முடியும். யாருடைய ஆணை என்று ஒருவரும் கேட்டதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் மாலதியும் நானும் அவர் வீட்டுக்கு எதிரே மாடிப் போர்ஷனில் குடிவந்தோம். வந்த அன்று குளித்துவிட்டு ஈரத்துண்டை பால்கனிக் கம்பியில் போட்டேன். தலைதுவட்டி முடிப்பதற்குள் கதவின் அடியில் ஒரு காகிதம் நுழைந்தது. தெருப்பக்கம் ஈரத்துணி உலர்த்துவது காலனியின் கண்ணியத்துக்குக் குந்தகம் என்றும், துண்டு உடனே அகற்றப்பட வேண்டும் என்றும், ஆணைப்படி என்றும் இருந்தது. துண்டு நீல நிறம் என்பதுவரை குறிப்பிட்டிருந்தார். மாலதி அன்றைக்கே வேறு வீடு பார்க்கச் சொன்னாள். குடிவந்த இரண்டாவது மாதம், எனக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடிக்கத் தெரியும் என்று எப்படியோ கண்டுபிடித்து, என்னைக் கேட்காமலே துணைச் செயலாளராக்கி ஓர் ஆணை அனுப்பினார். அதை டைப் அடித்துக் கொடுத்தவனும் நான்தான்.

அந்த வருடம் மழை பொய்த்தது. கிணறுகளில் சேறு, போர்வெல்களில் காற்று. புதன் மதியமும் ஞாயிறு காலையும் தண்ணீர் லாரி வரும். காலனி முனையிலிருந்த தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகும். வீட்டுக்கு எட்டுக் குடம். ஞாயிற்றுக்கிழமை ஆணைப்படி சார் கழுத்தில் விசிலும் கையில் பட்டியலுமாக நிற்பார். நம்பர் வாசிப்பார். நாற்பத்தோரு வீடும் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டு போகும். புதன்கிழமை அவர் ஆபீசில் இருப்பார். அன்றைக்கு நடப்பதைத் தண்ணீர் பிடித்தல் என்று சொல்ல முடியாது, போர்க்களம். ஒரு புதன்கிழமை பதினேழாம் நம்பர் வீட்டுக் குடமும் இருபத்தொன்பதாம் நம்பர் வீட்டுக் குடமும் மோதிக்கொண்டதில், வங்கியில் மேனேஜராக இருந்த ஒருவருக்கு நெற்றியில் மூன்று தையல் போட வேண்டியதாயிற்று.

அந்தத் தையலை ஆணைப்படி சார் தன் நெற்றியில் போட்டதுபோல எடுத்துக்கொண்டார். தான் இல்லாத இடத்தில் தன் ஆணை செல்லவில்லை என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. இன்னும் ஏழெட்டு மாதத்தில் ரிடையர்மென்ட் வேறு.

இந்த நிலைமையில்தான் தொட்டிக்கு ஒரு பழைய வால்வு வாங்க, லீவு நாளாகப் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பல்லாவரம் சந்தைக்குப் போனார். வால்வு கிடைத்தது. பக்கத்திலேயே கோணியில் பழைய சாமான் பரப்பியிருந்தவரிடம் அட்டை கிழிந்த பெரிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது. சார் குனிந்து புரட்டினார். அப்புறம் நிமிரவே இல்லை.

உள்ளே முழுக்க ராஜாக்கள். நானூறு, ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய ராஜாக்கள். செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மையடைத்து, காகிதத்தில் ஒற்றியெடுத்த படங்கள். கிட்டத்தில் பார்த்தால் வெறும் கோடு, எட்டப் பிடித்தால் சக்கரவர்த்தி. ஒருவர் கழுத்தைச் சுற்றி இட்லித் தட்டு மாதிரி மடிப்பு மடிப்பாகத் துணி. இன்னொருவருக்கு இரும்புக் கவசம், காலடியில் சிங்கம். ஒருவருக்குத் தாடை முகத்தைவிட ஒரு அங்குலம் முன்னால் வந்திருந்தது. அதையும் மறைக்காமல், அந்தத் தாடையாலேயே நாலு தேசத்தைப் பிடித்தவர்போலச் செதுக்கியிருந்தான் செதுக்கியவன். படத்தைச் சுற்றி முட்டை வடிவத்தில் இலை வளையம், அடியில் பெயர், பட்டம், வயது.

படங்களுக்கு நடுவே இருந்த ஆங்கிலத்தை நான் படித்துச் சொன்னேன். இந்தப் படங்களைப் பிரதி பிரதியாக அச்சடித்து ஊர் ஊராக அனுப்புவார்கள். ராஜா வாழ்நாளில் போகவே முடியாத ஊருக்கும் அவர் முகம் போய்ச் சேரும். ஜனங்கள் அதைப் பார்த்துத் தங்களை ஆள்வது யார் என்று தெரிந்துகொள்வார்கள் என்று போட்டிருந்தது. சார் என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

“அந்த ஊருக்கு இவன் போனதே இல்லப்பா,” என்றார் மெதுவாக. “பேப்பர் போயிருக்கு. ஜனம் அடங்கியிருக்கு.”

புத்தகம் எங்களோடு வந்தது. வால்வை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்த வாரம் சங்க அறையில் நாலு ராஜாக்கள் சட்டம் போட்டு மாட்டப்பட்டார்கள். பார்த்தவர்களெல்லாம் இவர்கள் முன்னாள் செயலாளர்களா என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்கள். சார் தினமும் சாயங்காலம் படங்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆராய்ந்தார். ஒரு ராஜாவும் சிரிப்பதில்லை. ஒருவன் கையும் சும்மா இல்லை. வாள்மேலோ தலைக்கவசத்தின்மேலோ இருக்கிறது. யாரும் நம்மை நேராகப் பார்ப்பதில்லை, நமக்குப் பின்னால் நிற்கிற யாரோ முக்கியமானவரைப் பார்க்கிறார்கள். இதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டு, தானும் அதேபோல் என் காதுக்குப் பின்னால் பார்த்தபடி, தனக்கும் ஒரு படம் செதுக்க ஆள் பார்க்கும்படி உத்தரவிட்டார்.

கீழ்க்கட்டளையில் செப்புத் தகட்டில் முகம் செதுக்குகிறவனுக்கு எங்கே போவது? பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து எவர்சில்வர் குடங்களில் பேர் வெட்டும் சேகரிடம் போனேன். கல்யாணச் சீர்வரிசையில் மணப்பெண் பெயரும் தேதியும் வெட்டுகிற ஆள். விஷயத்தைக் கேட்டதும் மெஷினை நிறுத்தினார்.

“பேரு வெட்டுவேன், தேதி வெட்டுவேன், சுத்தி எல போடுவேன். மூஞ்சின்னா இன்னா சார் மூஞ்சி?”

ஆனாலும் வந்தார். சங்க அறையில் சார் நின்றார். கவசம் கிடைக்காததால் குளிர்காலத்து ஸ்வெட்டர். இடது கை இடுப்போடு ஸ்கூட்டர் ஹெல்மெட்டை அணைத்திருந்தது. வலது கையில் தொட்டி வால்வைத் திறக்கும் பெரிய இரும்புச் சாவி, செங்கோல்போல. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், லாரி போனதும் அப்படியே நின்றார். நடுவில் சரோஜா ஆன்ட்டி, அவர் மனைவி, காபி கொண்டுவந்து கொடுத்தால் அதையும் ஆன்ட்டியின் காதுக்குப் பின்னால் பார்த்தபடியே குடித்தார்.

முதல் தகட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்ஸிலிருந்து வாங்கிய மையைத் தேய்த்து, ஈரக் காகிதத்தை வைத்து, அழுத்தம் வேண்டுமே என்று கரும்பு ஜூஸ் மெஷினில் கொடுத்து இழுத்தோம். உருளையின் பள்ளமெல்லாம் காகிதத்தில் பதிந்து, சார் ஜெயில் கம்பிக்குப் பின்னால் நின்றார். அதுகூடப் பரவாயில்லை, எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல வலமிருந்து இடமாகத் திரும்பியிருந்தது. தான் வெட்டியது சரியாகத்தான் இருக்கிறது, பேப்பர்தான் தப்பாகக் காட்டுகிறது என்று சேகர் சாதித்தார். பிறகு இரண்டாவது தகட்டில் எழுத்தைத் திருப்பி வெட்டி, கரண்டியின் முதுகால் அரை மணி நேரம் தேய்த்து எடுத்தபோது ஒரு படம் தேறியது.

பொய் சொல்லக்கூடாது, அசந்துபோனேன். கோடு கோடாக ஆணைப்படி சார். சிரிப்பில்லாத வாய். எங்கேயோ நிலைத்த கண். சுற்றிலும் இலை வளையம். சேகருக்குத் தெரிந்த ஒரே அலங்காரம் அதுதான். அடியில் பெரிய எழுத்தில் பெயர். அதற்குக் கீழே, ராஜாக்களுக்கு இருந்த மாதிரியே, வயது 57. கடைசி வரியாக ‘ஆணைப்படி’. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

நூறு பிரதி எடுக்க பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தி, “எப்ப சார்?” என்றார். ஒட்டுவது எப்போது என்று கேட்கிறார் என நினைத்து, ஞாயிற்றுக்கிழமை என்றேன். எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்றார். தண்ணீரைத்தான் கேட்கிறார் என்று, லாரி வந்த பிறகுதான் என்றேன். அவர் முகம் போன போக்கு எனக்கு அப்போது விளங்கவில்லை. “லாரியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, நல்ல காகிதமாகப் போட்டுத் தந்தார்.

சனிக்கிழமை ராத்திரி ஊர் அடங்கியதும் சாரே மைதா பசை வாளியோடு கிளம்பி ஒட்டினார். தொட்டியில், மோட்டார் ரூமில், குப்பை கொட்டும் மூலையில், டீக்கடைச் சுவரில், பஸ் ஸ்டாப்பில். காலனி எல்லையோடு நிற்கலாமே என்றேன். ராஜ்யம் என்றால் எல்லைக்கு வெளியிலும் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றார். மறுநாள் முடிச்சூரில் ஆன்ட்டியின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். விடிவதற்கு முன்பே இருவரும் கிளம்பிப் போய்விட்டார்கள். அது எனக்கே அப்போது தெரியாது. செயலாளர் ஊரில் இல்லை என்பது தெரிந்தால் ஒழுங்கு கெடும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. செல்போனும் அவரிடம் கிடையாது. கூப்பிட்டவுடன் பேசுகிறவனுக்கு என்ன மரியாதை என்பார்.

காலை ஏழரைக்கு அழுகைச் சத்தம் கேட்டு எழுந்து பால்கனிக்கு வந்தேன். எதிர்வீட்டு கேட்டருகே மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பாலவாக்கம் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவர். அவருக்கும் சாருக்கும் வாராவாரம் சண்டை நடக்கும். காலனி வாசலில் கூடையை வைக்காதே என்று சார் கத்துவார், அஞ்சலை பதிலுக்குக் கத்துவார்.

“போன வாரங்கூட கூடய எடு, கூடய எடுன்னு கத்திகினு இருந்தாரே சார்,” என்றார் என்னை அண்ணாந்து பார்த்து. “இனிமே என்ன யாரு சார் கத்துவாங்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அஞ்சலையின் பின்னால் காம்பவுண்ட் சுவரில் நேற்று ஒட்டிய படம். அதற்கு யாரோ சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அப்போதுதான் அதை எங்கே பார்த்திருக்கிறேன் என்பது உறைத்தது. கறுப்பு வெள்ளை முகம், சுற்றி மலர்வளையம்போல இலை, அடியில் பெயர், வயது. சென்னையில் எந்தச் சுவரில் பார்த்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாங்கள் நூறு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கிறோம்.

கீழே ஓடினேன். அதற்குள் தெரு நிறைந்திருந்தது. வீடு பூட்டியிருந்ததால் பாடி ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நெற்றியில் தையல் போட்ட மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். ஷாமியானா ஏறியது. மேளக்காரர்கள் வந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரரின் மச்சான் ஐஸ் பெட்டியோடு வேனில் வந்து இறங்கினார். இது சாவுப் போஸ்டர் இல்லை, ராஜா படம் என்று நான் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று என்னை உட்காரவைத்து சோடா கொடுத்தார்கள். அப்படியானால் ஆள் எங்கே என்று ஒருவர் கேட்டார். சார் வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். பூட்டிய வீட்டுக்குள் டெலிபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தப் படத்தை ஜெராக்ஸ் எடுத்தவன் நான். ஆனாலும் ஒன்பது மணி வாக்கில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை, வழியில் நிஜமாகவே ஏதாவது? மாலதி, வேறு வீடு பார்க்கச் சொன்ன அதே மாலதி, மாடிப்படியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள்.

பத்தரைக்கு லாரி வந்தது. பட்டியல் சங்க அறையில் இருந்தது. நான் எடுத்துக்கொண்டு தொட்டிப்பக்கம் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். விசில் இல்லை, அதட்டல் இல்லை. நாற்பத்தோரு வீடும் வரிசையில் நின்றது. தொட்டிமேல் சாரின் படம் எல்லோருடைய தலைக்கும் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. நம்பர் வாசிக்க வாசிக்க வந்தார்கள், எட்டுக் குடம் பிடித்தார்கள், படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பதினேழாம் நம்பர் தன் ஒரு குடத்தை இருபத்தொன்பதுக்கு விட்டுக்கொடுத்தது.

நாற்பத்தொன்று முடிந்தது. பட்டியலில் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. யோசிக்காமல் வாசித்துவிட்டேன். “நாப்பத்திரண்டு. ஒரு குடம்.”

எங்கள் காலனியில் நாற்பத்திரண்டாம் நம்பர் வீடே கிடையாது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து அஞ்சலை ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார்.

“அது நான்தான் சார்,” என்றார். “எங்க குப்பத்துல தண்ணி உப்பு கரிக்குது. எல்லாரும் பூட்டாங்கன்னா, அப்பால வான்னு சொல்லியிருந்தாரு. யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னாரு.”

மேனேஜர்தான் குழாயைத் திறந்துவிட்டார்.

ஒன்றரை மணிக்கு ஆட்டோவில் பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக சரோஜா ஆன்ட்டி வந்து இறங்கினார். பத்துப் பெண்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆன்ட்டிக்கு யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவரும் அழ ஆரம்பித்தார். பின்னாலேயே தாம்பூலப் பையோடு சார் இறங்கினார். முதலில் ஷாமியானாவைப் பார்த்தார். தெருவை அடைத்துப் பந்தல் போடச் சங்கத்தின் அனுமதி பெறப்பட்டதா என்று மேளக்காரரிடம் விசாரித்தார்.

“சாவு வூட்டுல இன்னா சார் அனுமதி,” என்றார் அவர். “செக்ரட்டரி சார் பூட்டாரு. அம்பத்தேழு வயசுதான். நல்ல மனுஷனாம்.”

சார் திரும்பினார். மாலையோடு சுவரில் இருந்த தன்னைப் பார்த்தார். அதற்குள் மேனேஜர் அவரைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்த நாற்காலியோடு சரிந்தார். அஞ்சலை ஓடிவந்து சாரின் கையைக் கிள்ளிப் பார்த்தார். மேளம் பாதி அடியில் நின்றது.

பேசியது சரோஜா ஆன்ட்டிதான். குடிவந்ததிலிருந்து அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

“நான் பூ வெச்சுக்கிட்டு வந்து இறங்கறேன். நீங்க எனக்குத் தாலி இல்லன்னு ஊரெல்லாம் ஒட்டிட்டுப் போயிருக்கீங்க. ஒண்ணு விடாம கிழிங்க. கிழிச்சிட்டு உள்ள வாங்க.”

ஆணைப்படி சார் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாருமாகக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சுவராகத் தன் முகத்தைத் தானே சுரண்டி எடுத்தார். வழியில் பார்த்தவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். தொட்டியருகே வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“லாரி வந்துச்சா?”

வந்தது என்றேன். சண்டை நடந்ததா என்றார். இல்லை, வரிசையில் நின்றார்கள், அழுதுகொண்டே நின்றார்கள் என்றேன். முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. உடனே எதையோ நினைத்துக்கொண்டு வெளிறியது.

“பட்டியலை முழுக்க வாசிச்சியா?”

“நாப்பத்திரண்டும் வாசிச்சேன் சார்.”

தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். செத்துப்போனதைக்கூடத் தாங்கிக்கொண்ட மனுஷர், இதைத் தாங்க முடியாமல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். “சங்கத் தண்ணிய வெளியாளுக்குக் கொடுத்திருக்கேன்ப்பா. என்னைக்கும் தப்பு தப்புதானே,” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். மேனேஜர் அதை வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார். நாற்பத்திரண்டாம் நம்பருக்கு இரண்டு குடம் என்று தீர்மானம் நிறைவேறியது. டைப் அடித்தது நான். சார் கையெழுத்துப் போட்டார், ஆணைப்படி.

அந்த வாரமும் அஞ்சலை வந்தபோது கூடையை எடு என்று அவர் கத்தத்தான் செய்தார். அஞ்சலை எடுக்கவில்லை. “கத்து சார், கத்து. நல்லா கத்து,” என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். புதன்கிழமைகளில் பழையபடி சண்டை நடந்தது. உயிரோடு இருக்கிறவருக்கு ஜனங்கள் அவ்வளவுதான் பயப்படுவார்கள். ரிடையர் ஆகும்வரை சார் புதன்தோறும் அரைநாள் லீவு போட்டுவிட்டு விசிலோடு வந்து நின்றார்.

இரண்டு வருடம் கழித்து, குழந்தை பிறக்கப் போகிறது என்று நாங்கள் தாம்பரம் பக்கம் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்துக் காலி செய்தோம். சாமான் ஏற்றுகிற அன்று காலை சார் மாடியேறி வந்தார். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவே கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். மாலதி காபி கொடுத்தாள். குடித்தார்.

“புது வீட்ல தண்ணி எப்படின்னு ஓனர்கிட்ட கேட்டியா?”

கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

“கேட்டிருக்க மாட்டேன்னு தெரியும். நேத்து நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன். குடிச்சும் பார்த்தேன். நல்ல தண்ணிதான். புள்ளத்தாச்சிப் பொண்ணு தாராளமா குடிக்கலாம்.”

டம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் நாலு வீடு மாறிவிட்டேன். எனக்கு முன்னால் போய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்து வந்து சொல்ல ஒருவரும் வாய்க்கவில்லை.